நாலு கிரேனும் ஏமன் போரும்

செகண்ட் இயர்ல கிரேன் கணக்கு போட்டிருப்போம். லோடு, பூம் ஆங்கிள், கவுன்டர் வெயிட். அதே கிரேன் துறைமுகத்துக்குள் வர ஒரு வருஷம் காத்திருந்த கதை இது.

ஏமன் தன் உணவில் சுமார் 90 சதவீதத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு. அதில் பெரும்பகுதி செங்கடல் கரையில் உள்ள ஹொடைடா துறைமுகம் வழியாகத்தான் வரணும். 2014 செப்டம்பரில் ஹூதி படையினர் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். பிறகு ஹொடைடாவும் அவர்கள் கைக்குப் போனது. 2015 மார்ச்சில் சவுதி தலைமையிலான கூட்டணி விமானத் தாக்குதலைத் தொடங்கியது. அந்த ஆகஸ்டில் விழுந்த குண்டுகளில் துறைமுகத்தின் கிரேன்கள் நொறுங்கின.

கிரேன் போனா என்ன பெரிய விஷயம்னு தோணலாம். கரையில் கிரேன் இல்லைன்னா, தன் மேலேயே கிரேன் வைத்திருக்கும் கப்பல்தான் சரக்கை இறக்க முடியும். இறக்கும் வேகம் குறையும், பின்னால் வரும் கப்பல் கடலிலேயே நிற்கும். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை. போர்ப் பகுதி என்பதால் இன்சூரன்ஸும் தனியாக ஏறும். கடைசியில் இதெல்லாம் கடையில் விற்கும் மாவு விலையில் வந்து உட்காரும். ஏமனில் பல ஊர்களில் கடையில் சரக்கு இருந்தது, வாங்கத்தான் காசில்லை.

ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் அமெரிக்கப் பணத்தில் நாலு மொபைல் கிரேன் வாங்கியது. 2017 ஜனவரியில் கப்பல் ஹொடைடா நோக்கி வந்தபோது கூட்டணி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. துறைமுகம் வழியாக ஆயுதம் வருகிறது, வரிப்பணம் ஹூதிகளுக்குப் போகிறது என்பது அவர்கள் எப்போதும் சொல்லும் வாதம். அதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. ஆனா கூட்டணியின் போர் விமானங்களுக்கு அப்போது வானத்தில் எரிபொருள் நிரப்பிக் கொடுத்ததும் இதே அமெரிக்காதான்! ஒரு கை கிரேன் வாங்குது, இன்னொரு கை குண்டு போடும் விமானத்துக்கு எண்ணெய் ஊத்துது.

கப்பல்களைச் சோதிக்க ஐ.நா. 2016-லேயே ஜிபூட்டியில் ஓர் அலுவலகம் திறந்திருந்தது. அது அனுமதி கொடுத்தாலும் கூட்டணியின் அனுமதி தனி. 2017 நவம்பரில் ரியாத் மீது ஹூதிகள் ஏவுகணை வீச, கூட்டணி எல்லா துறைமுகங்களையும் மூடியது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. கெடுபிடி தளர்ந்த பிறகு, 2018 ஜனவரியில்தான் நாலு கிரேனும் கரை இறங்கின. ஒவ்வொன்றும் 60 டன் தூக்கக்கூடியது.

சரக்கு இறங்கிய பிறகு எதிர்த்தரப்போடு பேச்சுவார்த்தை. ஹூதிகள் பகுதியில் உணவு வேறு கைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது என்று உலக உணவுத் திட்டம் பகிரங்கமாகவே குற்றம் சாட்டியது. 2019 ஜூனில் சனாவில் 8.5 லட்சம் பேருக்கான விநியோகத்தை நிறுத்தியது. திருடனைத் தண்டிக்கப் பசித்தவன் தட்டை எடுக்கலாமா? எனக்கு இன்னும் விடை கிடைக்கலை.

ஹொடைடாவில் போர்நிறுத்தம் என்று 2018 டிசம்பரில் சுவீடனில் கைகுலுக்கினார்கள். ஊருக்கு வெளியே செங்கடல் மில்லில் அப்போது 51,000 டன் கோதுமை மாட்டிக்கிடந்தது. 37 லட்சம் பேருக்கு ஒரு மாதச் சாப்பாடு. ஐ.நா. ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்தது 2019 பிப்ரவரி இறுதியில். அதற்குள் கோதுமையில் பூச்சி விழுந்திருந்தது.

2024 ஜூலை 20 அன்று இஸ்ரேல் விமானங்கள் ஹொடைடா துறைமுகத்தைத் தாக்கின. குண்டு பட்டவற்றில் எண்ணெய்த் தொட்டிகளோடு கிரேன்களும் இருந்தன.