கடைக்காரர் "இல்லை" என்றால்

வரதராஜன்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

தோழிக்காகக் கேட்பதாகச் சொன்னாய். யாருக்கென்று நான் கிண்டப்போவதில்லை. அவசரத்துக்குப் போனில் சொன்னது பாதிதான், விட்டுப்போனதை எழுதுகிறேன்.

சென்னையில் மூன்று நாலு மருந்துக்கடை ஏறியும் "அதெல்லாம் வைக்கறதில்ல" என்று அனுப்பிவிட்டார்களே, அதுதான் என் மனதை அறுக்கிறது. அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டில்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005-லேயே அனுமதித்துவிட்டது. தமிழ்நாட்டில் இதற்குத் தடைச் சட்டம் ஏதும் கிடையாது. ஆனாலும் ஐ-பில், அன்வாண்டட்-72 என்று பெயர் சொன்னாலே பல கடைகளில் கையை விரிக்கிறார்கள். அந்த "இல்லை"யைக் கேட்டு அவமானப்பட்டுத் திரும்பி வருவதற்குள் மணிக்கணக்கு ஓடிவிடும்.

இந்த மாத்திரைக்கு நேரம்தான் எல்லாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. உறவுக்குப் பின் 72 மணி நேரம் வரை என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து நாளைக்கு வாங்கலாம் என்று இருக்கக் கூடாது. சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதே இதன் வேலை. முட்டை வந்துவிட்டால் பலன் குறைந்துபோகும். விழுங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும்.

மாதா கோயில் நிழலில் வளர்ந்த நமக்கு, இது கருக்கலைப்பா என்ற பயம்தான் முதலில் வரும். இல்லை. தங்கிவிட்ட கர்ப்பத்தை இது கலைக்காது. திருச்சபை எந்தச் செயற்கைக் கருத்தடையையும் ஏற்பதில்லை என்பது உனக்கும் தெரியும். அதை அவரவர் மனசாட்சி பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் கலைப்பு மாத்திரை வேறு, இது வேறு. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்று இரண்டு மருந்து சேர்ந்து வரும் அந்த அட்டையை யார் கொடுத்தாலும் மருத்துவர் பார்க்காமல் தொடக்கூடாது. கிராம சுகாதார செவிலியராக இந்த முந்திரிக்காட்டு ஊர்களில் அலைந்த காலத்தில், இரண்டையும் குழப்பிக்கொண்டு இரத்தப்போக்கில் வந்தவர்களைப் பார்த்த பயம் இன்னும் எனக்குப் போகவில்லை.

கடையில் கிடைக்காவிட்டால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்; அரசின் குடும்பநலத் திட்டத்திலேயே இந்த மாத்திரை இருக்கிறது, காசு வாங்க மாட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று யாராவது கேட்டால் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம், மருந்தைக் கேள். வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவளுக்கு மாத்திரையின் பலன் குறையலாம். அவளுக்கு ஐந்து நாளுக்குள் காப்பர் டி போடுவதே நல்லது. யாருக்குமே அதுதான் மாத்திரையைவிட உறுதியானது. வருஷக்கணக்கில் காக்கவும் செய்யும்.

ஒருமுறை போட்டது அந்த ஒருமுறைக்குத்தான். மறுநாள் சேர்ந்தாலும் கர்ப்பம் தங்கலாம். பால்வினை நோயையும் இது தடுக்காது. அதற்கு ஆணுறை வேண்டும். மாதாமாதம் இதையே நம்புகிறவளுக்கு மாதவிடாய் தாறுமாறாகும், காவலும் போதாது. தினசரி மாத்திரையோ காப்பர் டியோ பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்.

அவள் விருப்பமில்லாமல் நடந்திருந்தால் மாத்திரையோடு விட்டுவிடாதே. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போ, 181-க்குக் கூப்பிடு.

இந்த முறை மாதவிடாய் சில நாள் முன்பின் வரலாம், அதற்குப் பதற வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்க்கச் சொல். இரண்டு கோடு தெரிந்தால் அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. மணமாகாதவளுக்கும் சட்டப்படி கருக்கலைப்புக்கு வழி உண்டு, 2022-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மருத்துவமனைக்கு நான் கூட வருகிறேன்.

உன் சித்தி