மாட்டுப்பட்டி வீடாகும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நுவரெலியா மாவட்டத்து அக்கரப்பத்தனைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுப்பட்டியோ விறகுக் கொட்டிலோ இருக்கும். லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இரண்டு குடும்பம் இருக்க முடியாது. அதனால் மகனுக்குக் கல்யாணம் முடிந்ததும் மாட்டை விற்று, பட்டித் தரைக்குச் சீமெந்து பூசி, தகரத்தை மாற்றிக் குடிபோகும் வழக்கம் நெடுநாளாக உண்டு. தேவை நியாயமானது. ஆனால் அந்த வேலை அனுமதியோடு நடக்க வேண்டும்.

புதுச் சுவர் எழுப்பினால்தான் அனுமதி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம், அதன் கீழ்ப் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில், ஒரு கட்டடத்தின் பயன்பாட்டை மாற்றுவதையும் அபிவிருத்தி வேலையாகவே கொள்கிறது. மாடு கட்டிய இடத்தில் மனிதர் குடியேறுவது அப்படிப்பட்ட மாற்றமே. கட்டட வேலைகளை ஒழுங்குபடுத்த, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது நிலம் யாருடையது என்பது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு பெருந்தோட்டங்கள் அரசின் வசமாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. நிலம் நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டது. பட்டியைத் தாத்தாவே கட்டியிருக்கலாம். அது நிற்கும் மண் குடும்பத்தின் பெயரில் இல்லை. எனவே தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. தோட்டத் துரை வாயால் சொன்ன சம்மதம், அவர் மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும். தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணி கொடுக்கும், 2015 முதல் பேசப்பட்ட திட்டம், மண் தம் பெயரில் இல்லாத இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,906 சதுர அடி. உறுதிப்பத்திரம் கையில் உள்ள குடும்பம் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவது பார்க்க வேண்டியது மலை. மண்சரிவு அபாயமுள்ள நுவரெலியா மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படும். மாட்டுப்பட்டிகள் பெரும்பாலும் மேட்டை வெட்டிய ஒடுங்கிய தளத்தில் நிற்பவை. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் போகத்தான் இடமிருக்கும். மழைக்காலத்தில் அந்த இடுக்கில் நின்று பார்த்தால் பல விஷயம் தெரியும். மேட்டில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்து வந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இவை நிலம் நகர்வதன் அடையாளங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நாளை நினைப்பவர்கள் இந்த அறிக்கையை வெறும் கடதாசி என்று சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது பார்க்க வேண்டியது பிரதேச சபை. தோட்டம் சபைக்கு வெளியே என்று நினைக்காதே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. அது 2018இல் திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபையும் இயங்கத் தொடங்கியது. கட்டட வரைபடம், காணிக்கான ஆவணம் அல்லது சம்மதக் கடிதம், மண்சரிவு அறிக்கை ஆகியவற்றோடு விண்ணப்பம் அங்கேதான் போக வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்ப்பார்கள்.

அவர்கள் பார்ப்பவை வாழ்க்கைக்கு வேண்டியவையே. பட்டியின் தரை, கழிவு ஓடுவதற்காகச் சரிவாகப் போடப்பட்டது. பல ஆண்டுச் சாணமும் மூத்திரமும் ஊறிய மண் அதன் அடியில் இருக்கிறது. அந்த மண்ணை வெட்டி எடுத்து, கல் நிரப்பி, ஈரம் ஏறாதபடி தளம் போட வேண்டும். மாட்டுக்குக் குளிர் படக்கூடாது என்று அடைத்த சுவரில் மனிதருக்கு ஜன்னல் திறக்க வேண்டும். அடுப்புப் புகைக்குப் போக்கு வேண்டும். கூரைத் தண்ணீர் மேட்டின் அடியில் விழாமல் பீலி வைத்து வடிகானுக்கு இறக்க வேண்டும். மலசலகூடக் குழி, கீழ் லயம் குடிக்கும் ஊற்றுக்கு மேலே வரக்கூடாது.

வேலை முடிந்ததும் சபையிடம் இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும். அங்கீகரித்த வரைபடத்தின்படியே கட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. அது கிடைத்த பிறகே குடிபுக வேண்டும்.

தோட்டக் கடிதம், மண்சரிவு அறிக்கை, சபையின் அனுமதி, இணக்கச் சான்றிதழ்: ஒழுங்கு இதுதான். அறிக்கை கூடாது என்று சொன்னால், எவ்வளவு காசு போட்டிருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். தம்பி, பட்டியின் முதல் தகரத்தைக் கழற்றும் முன் இவற்றில் முதல் மூன்று கடதாசிகளைத் தேடிப் போ.

அன்புடன்,
அண்ணன்