மின்கலத்தின் மெல்லிய காவல்

திறன்பேசி, மடிக்கணினி, மின்சைக்கிள், மின்பேருந்து ஆகியவை உருவத்தால் வேறுபட்டவை. ஆனால், அவற்றுள் பெரும்பாலானவற்றை இயக்குவது ஒரே வகை மின்கலமே. அதுவே லித்தியம் அயனி மின்கலம். சோனி நிறுவனம் 1991ஆம் ஆண்டு அதனை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கிய பணிக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இம்மின்கலத்தின் உள்ளே மிக மெல்லிய நெகிழி ஏடு ஒன்று உண்டு. அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேமிப்பதும் இல்லை. ஆயினும், அது பழுதுபட்டால் மின்கலமே தீப்பற்றி எரியக்கூடும். அந்த ஏட்டின் பெயர் பிரிப்பான்.

மின்கலத்தில் நேர்மின்முனை, எதிர்மின்முனை என இரண்டு முனைகள் உள்ளன. அவற்றுக்கிடையே மின்பகுளி எனப்படும் திரவம் நிறைந்திருக்கும். மின்கலத்தைப் பயன்படுத்தும்போது, லித்தியம் அயனிகள் இத்திரவத்தின் வழியாக எதிர்மின்முனையிலிருந்து நேர்மின்முனைக்குச் செல்கின்றன. எலக்ட்ரான்களோ வெளிச்சுற்றின் வழியாகச் சென்று கருவியை இயக்குகின்றன. மின்னூட்டும்போது இப்பயணம் எதிர்த்திசையில் நடைபெறும். அயனிகள் தடையின்றிச் சென்றுவர வேண்டும். ஆனால், இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக்கூடாது. கொசுவலை காற்றை உள்ளே விட்டுக் கொசுவைத் தடுப்பதுபோல, பிரிப்பான் அயனிகளுக்கு வழிவிட்டு, மின்முனைகளை விலக்கி வைக்கிறது.

பெரும்பாலான பிரிப்பான்களின் தடிமன் 10 முதல் 25 மைக்ரோமீட்டர் வரைதான். ஆயிரம் மைக்ரோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். அச்சிடப் பயன்படும் சாதாரணத் தாளின் தடிமன்கூட ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர். பிரிப்பான் மெலிய மெலிய, அதே அளவுள்ள மின்கலத்தில் ஆற்றலைச் சேமிக்கும் பொருளை அதிகமாக வைக்கலாம். அதனால், பிரிப்பானை இயன்ற அளவு மெல்லியதாக்கவே உற்பத்தியாளர்கள் விரும்புகின்றனர். ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

பிரிப்பானில் ஓர் இடத்தில் கிழிசல் ஏற்பட்டாலும் இரு முனைகளும் தொட்டுக்கொள்ளலாம். அப்போது மின்சாரம் வெளிச்சுற்றை விட்டுவிட்டு உள்ளேயே பாயும். இதனைக் குறுக்குச்சுற்று என்பர். அதனால் உண்டாகும் வெப்பம் வேதிவினைகளைத் தூண்டும். அவ்வினைகள் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். மின்பகுளியும் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே, வெப்பம் கட்டுக்கடங்காமல் பெருகி, மின்கலம் தீப்பற்றி எரியும். 2016ஆம் ஆண்டு சாம்சுங் நிறுவனம் தனது ‘கேலக்ஸி நோட் 7’ திறன்பேசிகளைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. மறு ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு முடிவு அதற்கான காரணங்களை விளக்கியது. ஒருவகை மின்கலத்தில் மூலையில் இருந்த மின்முனை வளைந்திருந்தது. மற்றொரு வகையில், பற்றவைத்த இடத்தில் நீண்டிருந்த கூரிய உலோக முனை பிரிப்பானைத் துளைத்திருந்தது. இத்தகைய சிறு குறைகளே குறுக்குச்சுற்றுக்கு வழிவகுத்தன.

இத்துணை முக்கியமான பிரிப்பான் எவ்வாறு தயாரிக்கப்படுகிறது? பரவலாகப் பின்பற்றப்படும் முறைகளுள் ஒன்று ஈரமுறை. முதலில் பாலிஎத்திலீன் என்னும் பாலிமரை எண்ணெயுடன் கலந்து சூடாக்கி உருக்குவர். இடியப்ப அச்சில் மாவைப் பிழிவதுபோல, அக்கலவையை நீண்ட குறுகிய பிளவின் வழியாக வெளியே தள்ளுவர். ஏடாக வெளிவரும் கலவை குளிர்ந்த உருளைகளின்மேல் படிந்து இறுகும். அப்போது பாலிமரும் எண்ணெயும் நுண்ணிய அளவில் தனித்தனியே பிரியும். பின்னர், அந்த ஏட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுப்பர். பரோட்டா மாவை வீசி மெலிதாக்குவதைப் போன்றது இச்செயல். இறுதியாக, ஒரு கரைப்பானைக் கொண்டு எண்ணெயை அகற்றுவர். எண்ணெய் இருந்த இடங்கள் நுண்துளைகளாக மாறும். அத்துளைகளின் அகலம் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அவற்றில் மின்பகுளி நிறைந்து, அயனிகளுக்குப் பாதை அமைக்கும்.

பாலிஎத்திலீனுக்கு ஒரு நற்பண்பு உண்டு. ஏறத்தாழ 130 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது உருகத் தொடங்கும். உருகும்போது நுண்துளைகள் அடைபடும். அயனிகளின் ஓட்டம் நிற்கும். மின்கலம் தானாகவே செயலிழந்து, ஆபத்து தவிர்க்கப்படலாம். ஆனால், அதன்பிறகும் வெப்பம் உயர்ந்தால் அந்த நற்பண்பே போதாததாகிவிடும். இழுத்து மெலிதாக்கப்பட்ட ஏடு, சூடு பட்டதும் பழைய அளவுக்குத் திரும்ப முயலும். சூடான காற்று பட்டதும் நெகிழி உறை சுருங்குவதுபோல, பிரிப்பானும் ஓரங்களிலிருந்து சுருங்கும். அப்போது அது மறைத்திருந்த மின்முனைகள் நேருக்கு நேர் சந்திக்கும். எந்த வேளையில் காவல் மிகவும் தேவையோ, அந்த வேளையில் காவல் விலகிவிடுகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கப் பல வழிகள் கண்டறியப்பட்டன. பாலிஎத்திலீன் ஏட்டின் இருபுறமும் பாலிபுரோப்பிலீன் ஏடுகளை இணைப்பது ஒரு வழி. பாலிபுரோப்பிலீன் உருக ஏறத்தாழ 165 பாகை வெப்பம் தேவை. எனவே, நடுவில் உள்ள ஏடு உருகித் துளைகளை அடைத்தாலும் வெளி ஏடுகள் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். அலுமினா போன்ற பீங்கான் பொருளின் நுண்துகள்களைப் பிரிப்பானின்மேல் பூசுவது இரண்டாவது வழி. அலுமினா 2,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில்தான் உருகும். அப்பூச்சு ஏடு சுருங்காமல் பிடித்துக்கொள்கிறது. அராமிட் என்னும் பாலிமரைப் பூசுவது மூன்றாவது வழி. தீயணைப்பாளர்களின் உடைகளிலும் அராமிட் இழைகள் பயன்படுகின்றன. ஜப்பானின் சுமித்தோமோ கெமிக்கல் நிறுவனம் அராமிட் பூசிய பிரிப்பான்களைத் தயாரிக்கிறது.

ஆயினும், பூச்சை எவ்வளவு வேண்டுமானாலும் தடிப்பாக்கிவிட முடியாது. பூச்சு தடித்தால் அயனிகளின் பயணம் மெதுவாகும். மின்கலத்தின் எடையும் கூடும். பூச்சு மிகவும் மெலிந்தால் வெப்பத்தைத் தாங்காது. எனவே, சில மைக்ரோமீட்டர் தடிமனில், எல்லா இடத்திலும் ஒரே சீராக அது அமைய வேண்டும். ஈரப்பதமும் பகையாகும். நீர்மூலக்கூறுகள் மின்பகுளியில் உள்ள லித்தியம் உப்புடன் வினைபுரிந்து, மின்கலத்தைக் கெடுக்கும் அமிலத்தை உண்டாக்கும். ஆதலால், மின்கலத்தில் வைப்பதற்குமுன் பிரிப்பானை நன்கு உலர்த்துவர். கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்கூடப் பிரிப்பானைத் துளைக்கலாம் என்பதால், தூசு நீக்கப்பட்ட கூடங்களில் வேலை நடைபெறுகிறது. வேகமாக ஓடும் ஏட்டில் துளையோ கறையோ உள்ளதா என்பதைக் கேமராக்கள் இடைவிடாது கண்காணிக்கின்றன.

எவ்வளவு நன்றாகத் தயாரித்தாலும், பிரிப்பான் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடும் என்று கூறமுடியாது. மின்கலத்தைக் கீழே போட்டு நசுக்கினாலோ, பொருந்தாத மின்னூட்டியைப் பயன்படுத்தினாலோ, அதன் பாதுகாப்பு குறைந்துவிடும். 2019 ஜூலையில் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடொன்றில் தீ மூண்டு, ஆடவர் ஒருவர் உயிரிழந்தார். அவ்வீட்டில் தனிநபர் நடமாட்டச் சாதனங்கள் எரிந்து கிடந்தன. 2020 ஜூலை 1 முதல், யுஎல் 2272 என்னும் தீப்பாதுகாப்புத் தரத்தை நிறைவுசெய்யாத மின்ஸ்கூட்டர்களைப் பொதுப் பாதைகளில் ஓட்டுவது சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டது.

தரமான பிரிப்பானை உருவாக்குவது பொறியாளரின் பொறுப்பு. அதனைக் கெடுக்காமல் பயன்படுத்துவது பயனீட்டாளரின் பொறுப்பு. சாதனத்துடன் வந்த மின்னூட்டியையே பயன்படுத்த வேண்டும். இரவு முழுவதும் கவனிப்பாரின்றி மின்னூட்டக்கூடாது. வீட்டின் வாசலை மறித்தும், மெத்தையின்மேல் வைத்தும் மின்னூட்டுவது ஆபத்தானது. உப்பிய மின்கலத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதோ, துளையிட்டுப் பார்ப்பதோ கூடாது. பழைய மின்கலத்தைக் குப்பைத் தொட்டியில் வீசாமல், அதற்குரிய மறுசுழற்சி மையத்தில் ஒப்படைக்க வேண்டும். குப்பை லாரியில் நசுங்கும் மின்கலத்துக்குள்ளும் அதே மெல்லிய பிரிப்பான்தான் இருக்கிறது.