ஊர்ப் பூங்காவும் பத்தில் ஒரு பங்கும்

கல்வியாண்டின் தொடக்கத்தில் எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் நடைபெற்றது. “நம் ஊருக்கு முதலில் வேண்டுவது குடிநீரா, பூங்காவா?” என்பது தலைப்பு. பேருந்து நிலையத்தை அடுத்துள்ள நகராட்சிப் பூங்காவின் பாதி இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டால், அந்தப் பணத்தில் குடிநீர்க் குழாய்களைச் செப்பனிடலாம் என்றொரு பேச்சு அப்போது ஊரெங்கும் அடிபட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளிலேயே இரண்டு கட்சிகள். அப்பாமார் பெரும்பாலும் கடைகளின் பக்கம். பாட்டிமார் பூங்காவின் பக்கம். அம்மாமாரை எவரும் கேட்கவில்லை.

சீட்டுக் குலுக்கியதில் எங்கள் அணிக்குக் குடிநீர் வந்தது. நான்கு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரைப் பற்றியும், விடியற்காலையில் குழாயடியில் வரிசை பிடிக்கும் குடங்களைப் பற்றியும் உருக்கமாகப் பேசினோம். “தாகத்தால் தவிப்பவருக்குத் தாமரைத் தடாகத்தைக் காட்டலாமா?” என்று எங்கள் அணித்தலைவி கேட்டபோது கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. எளிதாக வென்றோம். ஆனால் நடுவராயிருந்த அருட்சகோதரி தீர்ப்புக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “பூங்கா பாழாய்க் கிடக்கிறது, ஆகையால் போனால் போகட்டும் என்றீர்கள். அது ஏன் பாழாயிற்று என்று இரண்டு அணியிலும் ஒருத்திகூடச் சொல்லவில்லையே?” எங்களிடம் விடையில்லை. தேடி எழுதி வாருங்கள் என்று பணித்தார். அந்த வீட்டுப்பாடமே இக்கட்டுரை.

முதலில் பூங்காவையே பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை மாலை ஆறு பேர் சென்றோம். ஊஞ்சல் இரண்டில் ஒன்றுக்குச் சங்கிலி இல்லை. சறுக்குமரத்தின் தகடு கிழிந்து, குழந்தைகளின் பாவாடையைக் கிழிக்கக் காத்திருந்தது. விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. ஆகையால் ஆறு மணிக்கே வாயிலைப் பூட்டிவிடுகிறார்கள். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் எழுத்துக் கெடாமல் பளபளவென்றிருந்தது. காவல்காரத் தாத்தாவிடம் செடிகள் ஏன் வாடிப்போயின என்று கேட்டோம். “மோட்டார் எரிஞ்சு ஒரு வருசமாச்சு பாப்பா. கட்டறதுக்குப் பணம் வருது, காப்பாத்தறதுக்கு வரலை” என்றார். இத்தனை நாள் புத்தகங்களைப் புரட்டியும் அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவாக எதையும் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறோம்.

வேறொன்றையும் அன்று கண்டோம். உள்ளே இருந்தவர்களில் எங்கள் வயதுப் பெண்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவர்களும் தம்பி தங்கையரை அழைத்து வந்தவர்கள். நம் அண்ணன் தம்பிமாருக்கு ஆற்றங்கரைத் திடல் உண்டு, தேநீர்க்கடை வாசல் உண்டு. நமக்கு வீடு, பள்ளி, வழிபாட்டுக்குரிய இடம், இவை விட்டால் நான்காவது இடம் எது? “பொம்பளப் பிள்ளைக்குப் பூங்கா எதுக்கு?” என்று எங்களில் ஒருத்தியின் தந்தையார் கேட்டாராம். இருட்டும் புதரும் மண்டிய பூங்காவைப் பார்த்தால் அவர் கேட்டதில் தவறில்லை என்றுதான் படுகிறது. பூங்கா கெட்டால் முதலில் வெளியேறுவது பெண்கள். பிறகு, அங்கே பெண்கள் வருவதே இல்லை, அது எதற்கு என்று கேட்பது எளிதாகிவிடுகிறது.

இனிப் பாடத்துக்கு வருவோம். 1992-இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணை என்றொரு பட்டியலைச் சேர்த்தது. மாநில அரசுகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகள் அதில் உள்ளன. ஐந்தாவது குடிநீர் வழங்கல். பன்னிரண்டாவது பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டு மைதானங்கள். பதின்மூன்றாவது பண்பாடு, கல்வி, அழகுணர்வு ஆகியவற்றை வளர்த்தல். குடிநீரும் பூங்காவும் ஒரே பட்டியலில் அக்கம்பக்கமாக இருக்க, நாங்கள் இரண்டையும் எதிரெதிர் அணியில் நிறுத்தி வாயடித்திருக்கிறோம்.

நிலத்துக்கும் நம் மாநிலத்தில் விதி உண்டு. பெரிய அளவில் மனைப்பிரிவு போடுகிறவர்கள், சாலைகள் போக எஞ்சும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறவிடமாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய குடியிருப்புகளில் ‘பூங்காவிற்கு ஒதுக்கப்பட்ட இடம்’ என்ற பலகையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பலகைக்குப் பின்னால் கருவேல முள் வளர்ந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை நிலம் தரவேண்டும் என்று விதி சொல்கிறது. ஆண்டுதோறும் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றிப் படித்தோம். ஆண்ட்ரூ கார்னகி 1835-இல் ஸ்காட்லாந்தின் டன்பர்ம்லின் என்னும் சிற்றூரில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். அவ்வூரில் பிட்டன்கிரீப் என்றொரு பெரிய தோட்டம் தனியார் உடைமையாக இருந்தது. ஆண்டில் ஒரே ஒரு நாள் ஊராருக்குத் திறந்துவிடுவார்களாம். அந்த நாளிலும் கார்னகியின் தாய்வழிக் குடும்பத்தாருக்கு அனுமதியில்லை. ஊராரின் பொது உரிமைக்காக அவர் பாட்டனார் தோட்டக்காரப் பிரபுவோடு வழக்காடியவர் என்பதே காரணம். சுவருக்கு வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்த்த சிறுவன் 1848-இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றான்.

அங்கே தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, ஆண்டர்சன் என்னும் கர்னல் உழைக்கும் சிறுவர்களுக்கெனத் திறந்துவைத்த நூலகத்தில் அவன் படித்தான். பின்னர், தொழிற்பயிற்சிக்கு ஒப்பந்தமான சிறுவர்களுக்கு மட்டுமே இலவசம், மற்றவர் ஆண்டுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 1853-இல் அந்தப் பதினேழு வயதுப் பையன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி வாதாடினான். விதி மாறியது. (எங்களைவிட இரண்டே வயது மூத்தவன் என்று கணக்குப் பார்த்து நாங்கள் சற்று வெட்கப்பட்டோம்.)

எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான பிறகு அவர் உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பணம் தந்தார். அமெரிக்காவில் மட்டும் 1,679. ஆனால் சும்மா தரவில்லை. நிலத்தை ஊர் தரவேண்டும். அதோடு, கட்டடத்துக்கு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் வரிப்பணத்திலிருந்து பராமரிப்புக்குச் செலவிடுவதாக ஊர் உறுதி கூறவேண்டும். 10,000 டாலர் கட்டடம் வேண்டுமா, ஆண்டுக்கு 1,000 டாலர் எடுத்து வை. இந்த நிபந்தனையால் சிற்றூர்களில் பெரும் விவாதங்கள் எழுந்தன. சாலை போடப் பணமில்லாதபோது புத்தகத்துக்கு வரியா என்று கேட்டு வேண்டாமென்று ஒதுக்கிய ஊர்கள் பல. உறுதி கூறிவிட்டுப் பின்னர் கைவிட்ட ஊர்களும் உண்டு. ஏற்றுக்கொண்ட ஊர்களில் பலவற்றில் அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் அவ்வூர்ப் பெண்கள் சங்கத்தினரே.

கார்னகியைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் நாங்கள் உண்மையை மறைத்தவர்களாவோம். 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகாலையில் தொழிலாளர் போராட்டத்தின்போது மோதல் நிகழ்ந்து பலர் உயிரிழந்தனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1898-இல், இசையரங்கும் நீச்சல் குளமும் கொண்ட பெரிய நூலகம் அங்கே திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவர் எந்த நேரத்தில் படிப்பார், எந்த நேரத்தில் நீந்துவார்? எங்கள் வகுப்பில் சிலருடைய தாய்மார் நூற்பாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது நம் பூங்காவின் வாயிலில் பூட்டுத் தொங்குகிறது. அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தாம்.

தான் எட்டிப் பார்த்த தோட்டத்தைக் கார்னகி 1902-இல் விலைக்கு வாங்கி, மறு ஆண்டே டன்பர்ம்லின் மக்களுக்கு உரிமையாக்கினார். அப்போதும் தோட்டத்தை மட்டும் தராமல், 25 லட்சம் டாலர் முதலை ஓர் அறக்கட்டளையிடம் வைத்து, அதன் வட்டி ஆண்டுதோறும் ஊர் நலனுக்குக் கிடைக்க வழி செய்தார். அந்தப் பூங்கா இன்றும் ஊராருடையதாகவே இருக்கிறது. அப்பூங்காவைத் திருத்தியமைக்க அறக்கட்டளையினர் திட்டம் கேட்டவர்களுள் ஒருவர் பாட்ரிக் கெடிஸ். அவர் 1904-இல் அளித்த திட்டத்தை அவர்கள் ஏற்கவில்லை. அதே கெடிஸ்தான் பத்தாண்டு கழித்து, நகரமைப்புக் கண்காட்சியுடன் நம் சென்னைக்கு வந்தார். கப்பலில் வந்த படங்களை 1914-இல் ‘எம்டன்’ மூழ்கடித்துவிட்டது. (பொல்லாத ஆளை நம் பாட்டிமார் ‘சரியான எம்டன்’ என்பார்களே, அந்த எம்டன்தான்.) மறுபடியும் படங்கள் சேர்த்து 1915-இல் கண்காட்சி நடத்தினார். தஞ்சாவூர் போன்ற ஊர்களைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். நெரிசலான இடத்தை நேர்கோட்டுச் சாலையால் பிளப்பதைவிட, இடிந்துபோன சில வீடுகளை மட்டும் அகற்றி, அங்கே திறந்த வெளியும் மர நிழலும் உண்டாக்கினால் செலவு மிகக் குறையும் என்பது அவர் கருத்து. சிக்கனமும் மரமும் ஒரே கட்சியில் இருக்க முடியும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி.

நம் நாட்டவர் செய்ததையும் சொல்லவேண்டும். சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய சி. ரா. அரங்கநாதனை அறியாதவர் இருக்கமாட்டார்கள். 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நூலகம் ஒன்றை அமைத்தபோது, தொடங்கிவைத்தவர் அரங்கநாதன். ஆனால் தனி ஒருவரின் வண்டி எத்தனை ஆண்டு ஓடும்? அவரது இடையறாத முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. சொத்து வரியோடு சேர்த்து வாங்கப்படும் அது இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. ஒரு வீட்டுக்கு 1,000 ரூபாய் சொத்து வரியென்றால் 100 ரூபாய் நூலகத்துக்கு. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தனி வரியாகவே அச்சிட்டிருக்கும். வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் காலத்தில் நூலகங்களுக்குச் செலுத்துவதில்லை என்ற குறை பலமுறை எழுந்ததுண்டு. எனினும் கேட்டுப் பெறும் உரிமை சட்டத்தில் இருக்கிறது.

இப்போது அருட்சகோதரியின் கேள்விக்கு எங்கள் விடையைச் சொல்லிவிடுகிறோம். நம் ஊர் நூலகத்தில் ஓடு ஒழுகினாலும் நாளிதழ் வருகிறது, நூலகர் வருகிறார். பூங்காவில் மோட்டார் எரிந்தால் எரிந்ததுதான். நூலகத்துக்கு ஆண்டுதோறும் தன் பெயரில் ஒரு பங்கு உண்டு. பூங்காவுக்கு அப்படி ஒன்றுமில்லை. சாக்கடையோடும் தெருவிளக்கோடும் ஒவ்வொரு நிதிநிலைக் கூட்டத்திலும் அது புதிதாய்ப் போட்டியிடுகிறது, ஒவ்வொரு முறையும் தோற்கிறது. பட்டிமன்றத்தில் நாங்கள் தோற்கடித்தோமே, அதைப் போல.

கடை வாடகையைப் பற்றியும் யோசித்தோம். வாடகை வரும் என்பது மெய். ஆனால் அது குழாய்க்கே போகும் என்று எந்தத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறது? பாதிப் பூங்கா போனபின் மீதிப் பாதி எத்தனை நாள் இருக்கும்?

பூங்காவுக்கும் தனி வரி போடலாமே என்று வீட்டில் கேட்டபோது நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். 2022-இல் தமிழகத்தில் சொத்து வரி உயர்ந்தபோது வீட்டு வாடகையும் கூடவே ஏறியது என்றார், வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு தோழியின் தாயார். அதற்கு எங்களால் மறுமொழி கூற முடியவில்லை. ஆகவே புதிய வரி கேட்பதை விட்டுவிட்டோம். வாரச்சந்தையிலும் பேருந்து நிலையக் கடைகளிலும் இப்போதே வருகிற குத்தகைப் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஆண்டுதோறும், பூங்காவின் தண்ணீருக்கும் விளக்குக்கும் என்று பெயரெழுதி ஒதுக்கவேண்டும் என்று ஒரு மனு எழுதினோம். இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். தோற்ற அணியினரும் கையெழுத்திட்டனர்.

தமிழகத்தில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. எங்கள் வார்டு உறுப்பினரும் ஒரு பெண்மணியே. மனுவை நின்றபடியே இருமுறை படித்தார். “மோட்டார் மட்டும் கேட்டிருந்தால் அடுத்த கூட்டத்திலேயே வாங்கிவிடலாம். ஆண்டுதோறும் என்று எழுதியிருக்கிறீர்களே” என்றார். அதை அடித்துவிடச் சொல்வாரோ என்று பயந்தோம். சொல்லவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இம்மலர் அச்சுக்குச் செல்லும்வரை விடை வரவில்லை. காவல்காரத் தாத்தா எதிரிலுள்ள தேநீர்க்கடையில் குடத்தில் தண்ணீர் பிடித்துவந்து, வாயிலருகே உள்ள மூன்று வேப்பங்கன்றுகளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.