‘விளம்பரம்’ என்னும் சொல்

நாள்தோறும் நம் செவியிற் படுவனவும் நம் வாயிற் பயில்வனவுமாகிய சொற்களையே நாம் பெரும்பாலும் ஆராயாது விட்டுவிடுகின்றோம். அரிய சொல்லொன்றைக் கண்டால் அகராதியைப் புரட்டுகின்றோம். எளிய சொல்லைக் கண்டால், ‘இதனை யார் அறியார்?’ என்று கடந்து செல்கின்றோம். அங்ஙனம் கடந்து செல்லப்படும் சொற்களுள் ஒன்று ‘விளம்பரம்’ என்பது. இதனை ஆராயும் எண்ணம் எமக்கு உண்டானது நூல்நிலையத்தில் அன்று. மாணவர் விடுதியின் உணவுக்கூடத்திலேயாம்.

விடுதிக்கு வந்த முதலாண்டில் ஒரு விருந்து நாள். பந்தியில் இலை போட்டாயிற்று. எம் பங்கிற்குச் சோற்று வாளியைக் கையிலெடுத்துக்கொண்டு, “அண்ணா, சோறு விளம்பலாமா?” என்று மூத்த மாணவர் ஒருவரை வினவினோம். பந்தி முழுவதும் நகைத்தது. “தம்பி, சோற்றைப் பற்றி ஒன்றும் விளம்பவேண்டா, இலையில் வைத்தாற் போதும்” என்றார் அவர். முன்னர்த் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்து, 1956-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் எம் ஊர்ப்பக்கம். அங்கே கலியாண வீட்டிலும் ஆலயத்து அசனப் பந்தியிலும் சோறும் கறியும் ‘விளம்பப்’படுமேயன்றிப் பிறவாறு சொல்லக் கேட்டதில்லை. எனினும் அன்று தொட்டு அச்சொல்லைக் கொச்சையென்று கருதி, வாயில் வாராமல் அடக்கிக்கொண்டோம். விடுமுறைக்கு வீடு சென்றபோது அன்னையார் அதனைச் சொல்லியபொழுதும் எமக்குக் கூச்சமே உண்டாயிற்று.

இரண்டாமாண்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை வேறொரு சொல்லின்பொருட்டுப் புரட்டுகையில், ‘விளம்புதல்’ எம் கண்ணிற்பட்டது. சொல்லுதல், வெளிப்படுத்துதல் என்னும் பொருள்களோடு பரிமாறுதல் என்னும் பொருளும் அதற்கு ஆங்கே கூறப்பட்டிருந்தது. கொச்சையென்று யாம் ஒளித்துவைத்த சொல், பேரகராதியில் இடம்பெற்ற சொல்லேயாயிருந்தது! மலையாள மொழியினும் உணவு பரிமாறுதலை இச்சொல்லாலேயே இன்றும் வழங்குகின்றனர். எம் நாணம் அன்றே நீங்கிற்று; ஆராய்ச்சியும் அன்றே தொடங்கிற்று.

விளம்பு என்னும் வினையடியினின்று தோன்றிய பெயரே விளம்பரம். பவணந்தி முனிவர் நன்னூல் உரியியலில், சொல் என்னும் பொருளுடைய பல சொற்களை ஒருங்கு தொகுத்தார். மொழி, கிளவி, உரை, கூற்று, இயம்பல் முதலியவற்றோடு விளம்பு என்பதும் ஆங்கே உண்டு. ஆண்டுப் பெயராகிய ‘விளம்பி’யை இதனோடு மயக்குதல் கூடாது. அறுபது ஆண்டுகளுள் முப்பத்திரண்டாவதாகிய அது தாமதத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழியது. இசைவாணர் கூறும் ‘விளம்பகாலம்’ என்பதும் அவ்வழியதே.

இனி, சொல்லுதற்கும் விற்றற்கும் தமிழிற் பண்டே உறவுண்டு. பகர்தல் என்பது சொல்லுதலையும் குறிக்கும், விற்றலையும் குறிக்கும். சிலப்பதிகாரத்திற் புகார் நகரத்து வீதிகளிற் பண்டங்களைக் கூறி விற்றுத் திரிவோர் ‘பகர்வனர்’ எனப்படுகின்றனர். உப்பு விற்போர் அதன் விலையைத் தெருவிற் கூவுதலைச் சங்கப் பாடல்கள் ‘சாற்றுதல்’, ‘கூறுதல்’ என்னும் சொற்களாற் குறிக்கின்றன. கள் விற்குமிடத்திற் கொடி கட்டியிருந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அக்காலத்துக் கொடி செய்த தொழிலையே இக்காலத்துப் பெயர்ப்பலகை செய்கின்றது.

வாணிகத்தை விடுத்து அரசியலைக் காண்போம். மணிமேகலையின் முதற் காதைக்கு விழாவறை காதை என்பது பெயர். யானையின் பிடரியில் முரசேற்றி இந்திர விழாவை நகரறிய அறைந்த செய்தி அதன்கண் உள்ளது. முரசறைவோன் நகரையும் நாட்டையும் வாழ்த்துகின்றான். வீதிகளை அணிசெய்யுமாறு கூறுகின்றான். பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாது விலகுமாறு அறிவுறுத்துகின்றான். ஊரார் அனைவரும் அறிந்தொழுக வேண்டியதனை ஊரார் அனைவர்க்கும் உரைத்தலே ஈண்டு நோக்கம்.

மலையாளத்தில் ‘விளம்பரம்’ என்பது இந்நோக்கத்தையே இன்றும் சுட்டி நிற்கின்றது. திருவிதாங்கூர்த் தளவாயாகிய வேலுத்தம்பி 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்க்கெதிராக மக்களை எழுமாறு அழைத்த அறிக்கை ‘குண்டறை விளம்பரம்’ எனப்படும். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், சாதியின் பேரால் விலக்கப்பட்டிருந்த இந்துக்களுக்குத் திருவிதாங்கூர் அரசின் கோயில்களைத் திறந்துவிட்ட சித்திரைத் திருநாள் மகாராசாவின் ஆணை ‘க்ஷேத்திரப் பிரவேச விளம்பரம்’ எனப்படும். கடைப் பொருளைப் பரப்புதற்கு அம்மொழியார் ‘பரஸ்யம்’ என்னும் வேறு சொல்லை வழங்குகின்றனர்.

தமிழிலோ ஒரே சொல் இருபொருளையும் தாங்குகின்றது. ‘ஏல விளம்பரம்’, ‘காணவில்லை விளம்பரம்’, ‘வேலைவாய்ப்பு விளம்பரம்’ என்னுமிடங்களில் பொதுவறிவிப்பென்னும் பழம்பொருள் நிலைத்துள்ளது. சவர்க்கார விளம்பரம், துணிக்கடை விளம்பரம் என்னுமிடங்களில் விற்பனைக்காகப் புகழ்தல் என்னும் பொருளே மிகுகின்றது. செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் இதுவே மிகப் பயின்றமையால், ‘அவர் விளம்பரப் பிரியர்’, ‘இது வெறும் விளம்பரம்’ என்று இகழ்ச்சிக் குறிப்பும் வந்து சேர்ந்தது. ஒத்த சொற்களினின்று இதனைப் பிரித்தறிதல் நலம். நாளை விடுமுறை என்று பலகையில் எழுதுவது அறிவிப்பு. ஒரு கொள்கையைப் பலர் ஏற்குமாறு எடுத்துரைப்பது பிரசாரம், இக்கால வழக்கிற் பரப்புரை. ஒருவர் சிறப்பைப் பிறர் கூறுவது பாராட்டு. தானே கூறிக்கொள்வது தற்புகழ்ச்சி. ஒரு பொருளையோ செய்தியையோ உடையவர், பலர் அறியவேண்டிப் பலர் காணுமிடத்து வெளியிடுவதே விளம்பரம்.

இவ்வளவும் கற்றபின்னரும் யாம் ஒரு பிழை செய்தோம். இவ்வாண்டு மலரின் செலவுக்காகக் கடைவீதியில் விளம்பரம் திரட்டச் சென்ற மாணவருள் யாமும் ஒருவராயிருந்தோம். ஒரு கடைக்காரர் பணத்தைத் தந்து, “தமிழ் படிக்கிற பிள்ளைதானே? வாசகத்தை நீங்களே எழுதிவிடுங்கள்” என்றார். அக்கடைப் பண்டம் ஒன்றையேனும் வாங்கியறியாத யாம், ‘தரத்தில் நிகரற்றது, விலையில் மலிவானது’ என்று எழுதினோம். சில நாட் கழித்து, எழுதுகின்ற தாளின்மீது அகராதியின் அப்பக்கம் நினைவிற்கு வந்தது. யாம் அறியாததனை ஊரறியச் சொல்ல எமக்கு என்ன உரிமை? மறுநாட் சென்று கடைக்காரரிடம் உள்ளதைக் கூறினோம். அவர் சினவாது, “கடையின் பெயரும், கிடைக்கும் சாமான்களும், இருக்கும் தெருவும் போதும்” என்றார். அவ்வாறே திருத்தி அச்சுக்கூடத்திற்கு அனுப்பினோம்.

‘சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்’ என்பது பழமொழி. பந்தியில் விளம்புகின்றவன் பாத்திரத்தில் இல்லாததனை இலையில் இடமாட்டான். சொல்லை விளம்புகின்றவனுக்கும் அதுவே முறையென்க. சென்ற மாதம் விடுதி விருந்தில் மீண்டும் எம் கைக்கு வாளி வந்தது. முதலாண்டு மாணவர் வரிசையின்முன் நின்று, “சோறு விளம்பலாமா?” என்று உரக்கக் கேட்டோம். சிலர் நகைத்தனர், யாம் விளம்பினோம்.