இரண்டு கல் சேரும் இடம்

திருவானைக்காவல்
ஐப்பசி மாதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுவது. ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். நிம்மதியாக இருந்தது.

ஸ்ரீரங்கம் போய்வந்து ஏகப்பட்ட படங்கள் அனுப்பியிருந்தாய். கீழே ஒரே வரி: "எல்லாமே சூப்பர் மாமா." உன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கட்டடக்கலை படிக்கத் துவாக்குடி வரைக்கும் வந்திருக்கிற பெண் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் பாராட்டிவிட்டு வரக்கூடாது. எல்லாம் நன்றாக இருந்தது என்றால் எதன் முன்னாலும் நிற்கவில்லை என்று பொருள். நல்ல வேலைக்கும் சுமாரான வேலைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படவேண்டும். அது பிறவியில் வராது, பழக்கத்தில்தான் வரும். போனில் சொன்னால் மறந்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது பொன்மலை. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்த தன் பணிமனையை 1928-இல் அங்கே கொண்டுவந்தது. ஃபிட்டராகப் பயிற்சிக்குச் சேர்ந்தவனுக்கு அங்கே முதல் ஆசான் அரம்தான். இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுப்பார்கள். ஒன்றில் பள்ளமும் மற்றொன்றில் அதே அளவு மேடும் ராவி எடுத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் சொருகி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டவேண்டும். இடுக்கில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் துண்டு திரும்பி வந்துவிடும். மேலே எவ்வளவு பளபளப்பு ஏற்றியிருக்கிறோம் என்று சோதிப்பவர் பார்க்கவே மாட்டார். அதனால் இன்றைக்கும் எந்தப் பொருளைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது இரண்டு சேரும் இடத்துக்கு. கல்லும் கல்லும், மரமும் சுவரும், பித்தளையும் பித்தளையும் சேரும் இடம். செய்தவன் அங்கேதான் கையை நிறுத்தி யோசித்திருப்பான். அந்த யோசனையைக் கண்டுபிடிப்பதைத்தான் நான் ரசனை என்பேன். உனக்குச் சொல்ல வந்ததும் இதுதான்.

ஆயிரங்கால் மண்டபத்தைப் படம் எடுத்திருந்தாயே, அதற்கு ஏன் அத்தனை கால் என்று கேட்டுப் பார்த்தாயா? பிரம்மாண்டத்துக்காக என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அங்கே அண்ணாந்து, தூணும் உத்திரமும் சேரும் இடத்தைப் பார். கருங்கல் பெரிய பாரத்தை ஏற்றினாலும் நசுங்காமல் தாங்கும். ஆனால் இரண்டு முனையில் தாங்கி நடுவில் பாரம் ஏற்றினால், அடிப்பக்கம் விரிசல் கண்டு சட்டென்று முறியும். ஆகவே கல் உத்திரத்தை நீளமாகப் போட முடியாது. தூண்கள் நெருங்கி நின்றே ஆகவேண்டும். அதோடு, தூணின் தலையில் இரண்டு பக்கமும் நீளும் போதிகை இருக்கிறதே, அது உத்திரம் தாங்கலில்லாமல் தாண்டவேண்டிய தூரத்தை இன்னும் குறைக்கிறது. கீழே தொங்கும் பூமுனையைப் பார்த்து அலங்காரம் என்று போய்விடாதே. முதலில் அது ஒரு தாங்கல், பிறகுதான் பூ. கல்லின் பலவீனத்தை ஒப்புக்கொண்டு, அதையே மண்டபத்தின் அழகாக மாற்றியிருக்கிறார்கள். கலவை பூசி ஒட்டாமல், சரியாகச் செதுக்கிய பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து, தம் பாரத்தாலேயே நிற்கின்றன.

எதிரே சேஷராயர் மண்டபம். பதினாறாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். எல்லோரும் பாயும் குதிரையின் முகத்தைத்தான் படம் எடுக்கிறார்கள், நீயும் அப்படித்தான் எடுத்திருக்கிறாய். அடுத்த முறை குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து பார். தூக்கிய முன்னங்கால்களுக்கும் தூணுக்கும் நடுவே காற்றுப் போகும் இடைவெளி இருக்கிறது. குதிரை, வீரன், பாயும் விலங்கு, கீழே நிற்கும் சேவகர்கள், பின்னால் தூண் எல்லாம் ஒரே கல். அந்த இடைவெளியில் இருந்த கல்லைப் பொடிப்பொடியாக உடைத்து வெளியே எடுத்திருக்கிறார்கள். கருங்கல்லை மரம்போலச் சீவ முடியாது, உளியால் தட்டித் தட்டி நொறுக்கத்தான் முடியும். உளிமுனை சீக்கிரம் மழுங்கும். பக்கத்திலேயே உலை வைத்து, காய்ச்சி, அடித்து, கூர் ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். கால் மெலிந்து வந்த பிறகு ஒரு தட்டு அதிகமாகப் போனால் அத்தனை நாள் உழைப்பும் போயிற்று. அந்தக் கடைசி நாட்களில் அவன் எவ்வளவு மெதுவாகத் தட்டியிருப்பான்! அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடக்கும்.

வேணுகோபாலன் சன்னதி வெளிச்சுவரில் இருக்கும் பெண்களையும் விட்டுவிடாதே. ஒருத்தி வீணை வாசிக்கிறாள், ஒருத்தி கண்ணாடி பார்க்கிறாள். அங்கே இந்தச் சாகசம் எதுவும் கிடையாது. உடம்பின் சாய்விலேயே எல்லாம் இருக்கிறது. எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. நீ வரைந்து பார், கை சொல்லிவிடும்.

ராஜகோபுரத்தில் பார்க்கவேண்டிய ஒட்டு வேறு மாதிரி. கீழே உள்ள கல் கட்டுமானம் விஜயநகரக் காலத்தது. அதோடு வேலை நின்றுபோய், சுமார் நானூறு வருஷம் மொட்டைக் கோபுரமாகவே கிடந்தது. அகோபில மடத்தின் 44-ஆவது ஜீயர் எடுத்து நடத்தி, 1979-இல் தொடங்கிய வேலை 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கில் முடிந்தது. 13 நிலை, 236 அடி. உயரத்தை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது, நானூறு வருஷத்துக்கு முன் முகம் தெரியாத ஒருவன் விட்டுப்போன அளவையும் சாய்வையும் இந்தக் காலத்து ஸ்தபதிகள் மேலே தொடர்ந்து கொண்டுபோனதுதான். கல் முடிந்து செங்கல்லும் சுதையும் தொடங்கும் கோட்டைத் தெற்கு வாசலுக்கு வெளியே தள்ளி நின்று பார். இரண்டு காலத்துக் கைகள் அங்கே சந்திக்கின்றன. மேலே உள்ள சுதை உருவங்களில் எனக்குச் சிலது பிடிக்கும், சிலது பிடிக்காது. உனக்கும் அப்படி ஒரு அபிப்பிராயம் இருக்கவேண்டும்.

ஒட்டே இல்லாத வேலையும் நம் ஊரில் உண்டு. மலைக்கோட்டைக்கு ஏறும் வழியில், ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த லலிதாங்குரப் பல்லவேசுவர கிருகம் இருக்கிறது. பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் பாதிப்பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே கங்காதரர் சிற்பம். கட்டடத்தில் ஒரு கல் கெட்டால் வேறு கல் வைக்கலாம். குடைவரையில் தூணும் சுவரும் சிலையும் மலையேதான். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. எதை எடுப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அங்கே போகும் நாளில் வேறு எதையும் பார்க்காதே, அது ஒன்று போதும்.

வேலையை எடைபோட இன்னொரு வழி, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பது. சுவருக்கு வெளியே வளைந்து நீளும் கல் கொடுங்கை மழைநீரைச் சுவரில் வழியவிடாமல் தள்ளிச் சொட்டவைக்க வந்தது. அந்தக் காரியத்தையே கலையின் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில்காரர்கள். கொடுங்கையின் அடிப்பக்கத்தில் மரச் சட்டமும் ஆணித் தலையும் கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். பழைய ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக மற்றதெல்லாம் செய்துதருகிறோம் என்று எழுதுவார்கள் என்று சொல்வதுண்டு. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குச் செய்த மரியாதை அது. பருவ விடுமுறையில் உன்னை நானே அழைத்துப் போகிறேன்.

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. கோயிலில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்த திருப்பணியில் பழைய வடிகால்களைத் திரும்பத் திறந்ததும் ஒரு பெரிய வேலை. அந்தத் திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வடிகாலைப் படம் எடுத்து யாரும் அனுப்பமாட்டார்கள், நீ அனுப்பு. சுண்ணாம்புச் சுவரில் விரிசல் கண்டால் சிமெண்டைத் திணித்து அடைப்பதையும் நீ பல இடத்தில் பார்ப்பாய். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும், பக்கத்துச் செங்கல் உதிரத் தொடங்கும். படித்து முடித்து நீ எந்தப் பழைய கட்டடத்தில் கைவைத்தாலும் இதை மறக்காதே.

ஸ்ரீரங்கத்து மூலவரான பெரிய பெருமாள் திருமேனியே சுதைதான் என்பது உனக்குத் தெரியுமா? அடிக்கடி தண்ணீர் ஊற்றினால் அந்தச் சுதை தாங்காது. அதனால் அபிஷேகமெல்லாம் உற்சவர் நம்பெருமாளுக்கு, மூலவருக்குத் தைலக்காப்பு. ஆனி மாத ஜேஷ்டாபிஷேகத்தில் நம்பெருமாளின் தங்கக் கவசங்களைக் களைந்து, சுத்தம்செய்து, பழுது பார்ப்பார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். பொருளின் குணமறிந்து அதற்கேற்ற பராமரிப்பை வழிபாட்டுக்குள்ளேயே வைத்த புத்தியைப் பார். செய்தவனைப்போலவே தலைமுறை தலைமுறையாகக் காப்பவனும் கைவினைஞன்தான்.

வீட்டுச் சாமானுக்கும் இதே கண்தான். உன் பாட்டியின் பழைய பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துப் பார். உடலும் அடியும் தனித்தனியே அடித்து, விளிம்பைப் பல்பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்துப் பற்றவைத்த தடம் தெரியும். அத்தனை வருஷம் இடுப்பிலிருந்து இறக்கி வைத்தும் அது பிரியவில்லை. அதே நேரம், கையால் செய்தது என்பதற்காகவே ஒன்றைப் புகழாதே. கோணல்மாணலாகச் செய்துவிட்டுக் கைவேலை என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். இயந்திரத்தில் செய்தது என்பதற்காக இகழவும் செய்யாதே. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினைப் பழுது பார்ப்பதும், புதிதாகச் செய்துகொடுத்ததும் எங்கள் பொன்மலைதான். கடைசல் இயந்திரத்தில் கடைந்த பாகத்தைக்கூட, நீலம் பூசி ஒட்டிப் பார்த்து, படிந்த மேட்டைக் கையால் சுரண்டித்தான் சரியாக உட்காரவைப்போம்.

துணி எடுக்கப் போனால் உறையூர்ச் சேலையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். கரையும் உடலும் சேரும் இடத்தில் இழை தளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று விரலால் தடவு. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் குறிப்பில் அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அது உறையூர்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த ஊரில் இன்றைக்கும் தறி ஓடுகிறது. ஆனால் எல்லாத் தொழிலும் அப்படி நிலைக்கவில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டினார்கள். கண்ணுக்கே தெரியாத கல்லில் 57 பட்டைகள், அவற்றின் முனைகள் பிசகாமல் ஒன்றோடொன்று கூடவேண்டும். இயந்திரத்தில் தீட்டிய மலிவான கல் வந்து இறங்கியதும் அந்தக் கைகளில் பல வேறு வேலைக்குப் போய்விட்டன. விலை குறைவு என்பதற்கு மேல் வாங்குபவர்கள் எதையும் கேட்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆறாத வருத்தம்.

எனவே, பார்ப்பதோடு நிறுத்தாதே. சம்பாதிக்கத் தொடங்கியதும் குறைவாக வாங்கு, நல்லதாக வாங்கு, செய்தவர் கேட்கும் கூலியைக் கொடு. எங்கள் ஆனைக்கா மதிலைச் சுற்றி ஒரு கதை உண்டு. அம்மதில் எழும்பியபோது ஈசனே சித்தராக வந்து நின்று, வேலையாட்களுக்குக் கூலியாகத் திருநீறு கொடுத்தாராம். அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாயிற்றாம். அதனால்தான் அதற்குத் திருநீறிட்டான் மதில் என்று பெயர். இந்தக் கதையை நான் நம்புகிறேனா என்று கேட்காதே. உழைப்பை அளந்து கூலி கொடுக்கும் மேஸ்திரியாகக் கடவுளை நினைத்துப் பார்த்த ஊர் இது என்பதில் எனக்குப் பெருமை.

மார்கழி பிறந்து வைகுண்ட ஏகாதசி வந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் நிற்க இடம் இருக்காது. அதற்கு முன்னால் சாதாரணமான ஒரு வார நாளில் காலையிலேயே போ. வெயில் சாய்வாக விழும்போதுதான் உளித்தடம் தெரியும். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள், செல்போனைப் பைக்குள் போட்டுவிடு. ஒரே ஒரு தூண், ஒரே ஒரு பொருத்து, அதை மட்டும் வரை. மத்தியானம் சாப்பிட இங்கே வந்துவிடு. அத்தை காத்திருப்பாள். அடுத்து ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாட்டியின் குடத்தையும் கொண்டுவா, கழுத்தில் நசுங்கியிருக்கிறது. சரிசெய்ய ஆள் பார்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா