எம்.ஜி.பி. ஜி.ரி. காரைப் பேணலும் பழுதறிதலும்

இயந்திரமொன்று பழுதுற்றவிடத்து அதனைச் சீர்செய்ய முற்படுவோர் இரு திறத்தினர். ஒரு சாரார் ஐயத்துக்கு இடமான உறுப்பை உடனே கழற்றிப் புதியதொன்றைப் பூட்டுவர். அதனாற் பயன் விளையாதாயின் மற்றொன்றை மாற்றுவர். மறுசாரார், காணப்படும் குறியைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய பின்னரே ஸ்பானரைக் கையிலெடுப்பர். முன்னவர்க்குப் பொருளும் காலமும் வீணாகும். பின்னவர்க்கு அறிவு பெருகும். பின்னவர் நெறியை விளக்குதற்குத் தக்க எடுத்துக்காட்டாக, எம்.ஜி.பி. ஜி.ரி. என்னும் ஆங்கிலேய ஸ்போட்ஸ் கூப்பேக் காரை இங்கு ஆராய்வோம்.

காரின் அமைப்பு

இங்கிலாந்தின் அபிங்டன் நகரத் தொழிற்சாலையில், திறந்த மேற்பாகமுடைய எம்.ஜி.பி. கார் 1962இல் வெளிவந்தது. நிலையான கூரையும், பின்புறத்தில் மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கதவும் கொண்ட ஜி.ரி. 1965இல் தோன்றியது. அதன் கூரை வடிவில் இத்தாலிய நிறுவனமாகிய பினின்பரினாவின் கைவண்ணம் உண்டு. 1980இல் இக்காரின் ஆக்கம் முடிவுற்றது.

பெரும்பாலானவற்றில் 1798 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினும், இரட்டை எஸ்.யூ. காபுரேற்றர்களும், லூக்காஸ் மின்னமைப்பும் உள்ளன. கணினி ஆட்சிசெய்யும் உறுப்பு யாதொன்றுமில்லை. ஆகவே, காந்தம், மின்னோட்டம், காற்றமுக்கம் என்பன பற்றிக் கல்லூரிப் பௌதிக வகுப்பிற் கற்றவற்றை மறவாத எவரும் இதனை விளங்கிக்கொள்ளலாம். விளங்கிக்கொள்ளுதல் இன்று அவசியமுமாகும். கணினிக் கருவியைச் செருகிப் பழுதறியப் பயின்ற இளந் தொழிலாளர்க்கு இப்பழைய உறுப்புகளிற் பழக்கம் குறைவு. உரியவனே அறியானாயின், சிறு கோளாறு காரணமாகவே நல்ல காரொன்று கொட்டிலிற் கிடந்து துருவேறிவிடும்.

பணிக்கு முன் காவல்

ஜாக்கினால் மாத்திரம் உயர்த்தப்பட்ட காரின் கீழ் ஒருபொழுதும் புகுதலாகாது. உறுதியான தாங்கிகளை வைத்தல் வேண்டும். பெற்றோற் குழாயைக் கழற்றும்போது பற்றரி இணைப்பை நீக்குக. அண்மையில் நெருப்போ தீப்பொறியோ இருத்தல் கூடாது. சூடேறிய றேடியேற்றரின் மூடியைத் திறவற்க. பழைய பிறேக் உறைகளிற் கல்நார் இருக்கக்கூடுமாதலின் அத்தூளை ஊதுதலும் துடைத்துப் பறக்கவிடுதலும் தீங்கு பயக்கும்.

முதற் சோதனை: பற்றரி

எஞ்சினைச் சுழற்றும் மோட்டர் ‘டிக்’ என ஒலித்து நின்றுவிடின் மோட்டரைப் பழியாதீர். முன்விளக்குகளை ஏற்றிவிட்டுச் சாவியைத் திருப்புக. ஒளி முற்றாக மங்குமாயின் பற்றரியோ அதன் இணைப்புகளோ குறையுடையன. 1974 வரையிலான கார்களில் 6 உவோற்றுப் பற்றரிகள் இரண்டு, முன்னிருக்கைகளின் பின்னே, தளத்தின் கீழ், தொடராக இணைக்கப்பட்டிருந்தன. கண்ணுக்கு மறைவான இடமாதலின் முனைகளிற் படியும் உப்பு கவனிக்கப்படுவதில்லை. சிறிது நேரம் சுழற்றியபின் தொட்டுப் பார்க்கச் சூடாயிருக்கும் முனையே தடை மிகுந்த முனை. மின்தடையில் வெப்பம் பிறக்கும் என்பது நாம் கற்ற பாடமன்றோ?

இன்னொரு விந்தையான குறியும் உண்டு. சாவியைத் திருப்பும்போது சோக் கம்பி சூடேறிப் புகையுமாயின், எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் தடித்த புவித்தொடுப்புப் பட்டி அறுந்திருத்தல் கூடும். பெருவழி அடைபட்ட மின்னோட்டம் அம்மெல்லிய கம்பி வழியே திரும்புகின்றது. இங்குப் புதிய சோக் கம்பி வாங்குபவன் இரண்டாவது கம்பியையும் எரிப்பான்.

1967இன் பிற்பகுதி வரை வந்த கார்களில் நேர்முனையும், அதன்பின் வந்தவற்றில் எதிர்முனையும் உடலோடு இணைக்கப்பட்டன. இடையில் உரியவர் மாற்றியிருத்தலும் கூடும். ஆதலின் பற்றரியைப் பூட்டுமுன் இதனை உறுதிசெய்க. தலைகீழாகப் பூட்டின் ஒல்ரனேற்றர் கெட்டுவிடும். வயர்களின் நிறமும் வழிகாட்டும்: கபிலம் பற்றரியிலிருந்து எப்போதும் மின் உடையது, வெள்ளை சாவி திருப்பியபின் மின் பெறுவது, பச்சை அவ்வாறே பெற்று பியூஸ் வழியாக வருவது, கறுப்பு புவித்தொடுப்பு.

இரண்டாம் சோதனை: தீப்பொறி

எஞ்சின் சுழன்றும் இயங்காதாயின், தீப்பொறி உண்டா, பெற்றோல் உண்டா என்னும் இரு வினாக்களே எஞ்சும். கையிருப்பிலுள்ள பிளக்கொன்றை வயரிற் செருகி, அதன் உலோகப் பாகம் எஞ்சினைத் தொடுமாறு வைத்துச் சுழற்றுக. எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்றிவிட்டுச் சோதித்தால், திறந்த துவாரத்தினூடே வரும் பெற்றோலாவி தீப்பற்றக்கூடும். வயரை வெறுங் கையாற் பிடித்தலும் தகாது.

நீலநிறப் பொறி தெறித்தால் மின்பக்கம் நன்று. மஞ்சளாக மெலிந்தாலோ, தோன்றாதொழிந்தாலோ, டிஸ்றிபியூற்றர் மூடியைத் திறந்து தொடுமுனைகளைப் பார்க்க. அவற்றின் இடைவெளி 0.015 அங்குல அளவினதாயிருத்தல் வேண்டும். பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம். தொடுமுனைகள் கருகிக் குழிவிழுந்திருப்பின் அவற்றோடு இணைந்த கொண்டென்சரையும் ஐயுறுக. தொடுமுனை நீக்கி இலத்திரன் முறையைப் பொருத்திய கார்களுக்கு இப்பகுதி பொருந்தாது.

சூடேறியபின் எஞ்சின் இருமி நிற்பதும், ஆறியபின் மீண்டும் இயங்குவதும் கொண்டென்சர் அல்லது கொயிலின் குறியாதல் கூடும். இதனைப் பெற்றோற் குறைவெனக் கருதிக் காபுரேற்றரைத் திருகுவோர் பலர். ஒரு கோளாறு அப்பொழுது இரண்டாகின்றது.

மூன்றாம் சோதனை: பெற்றோல்

இக்காரின் எஸ்.யூ. மின்பம்பி பின்புறத்தில், வலச் சக்கரத்துக்கு முன்னே உள்ளது. அது பேசும் உறுப்பு. அதன் மொழியைக் கற்றல் வேண்டும். சாவியைத் திருப்பியதும் விரைந்து ‘டிக் டிக்’ என ஒலித்து, காபுரேற்றர் நிரம்பியதும் அடங்குமாயின் நலம். ஓயாது விரைந்து ஒலிப்பின் தாங்கி வெறுமையாகவோ, உறிஞ்சு குழாயிற் காற்றுப் புகுவதாகவோ, எங்கேனும் ஒழுக்கு இருப்பதாகவோ கொள்க. ஒலியே இல்லையாயின் வெள்ளை வயரிலும் புவித்தொடுப்பிலும் மின் உண்டோ எனச் சோதனை விளக்காற் பார்க்க. மின் இருந்தும் ஓடாத பம்பியை மெல்லத் தட்ட அது உயிர்பெறின், அதனுள் இருக்கும் தொடுமுனைகள் தேய்ந்தன என்பது பொருள். தட்டுதல் வீடு சேர்க்கும் உபாயமேயன்றி மருந்தன்று.

காபுரேற்றரின் மேலுள்ள கூம்புத் தொப்பியினுள் ஒரு பிஸ்ரன் காற்றின் வேகத்துக்கேற்ப உயர்ந்து தாழும். அதனோடிணைந்த கூர்ஊசி பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும். விசையை அழுத்தியவுடன் கார் தயங்குமாயின், பிஸ்ரனின் மேற்றண்டிலுள்ள எண்ணெய் குறைந்திருக்கலாம். சிறிது எண்ணெய் வார்த்தலே போதும். கலவையை அறிய, எஞ்சின் சூடேறியபின் பிஸ்ரனை 1/32 அங்குலம் உயர்த்துக. வேகம் ஏறி அவ்வாறே நிற்பின் பெற்றோல் மிகுதி. உடனே தளர்ந்து நின்றால் குறைவு. கணப்பொழுது சற்றே ஏறி இறங்கிச் சமநிலை எய்தின் கலவை சரி. வால்வு, தீப்பொறி ஆகியவற்றைச் சீர்செய்யாது இச்சோதனையைத் தொடங்குதல் பயனற்றது.

வால்வுகளின் ஒன்பதுக் கணக்கு

குளிர்ந்த எஞ்சினில் வால்வின் இடைவெளி 0.015 அங்குலம். எட்டு வால்வுகளையும் சீர்செய்ய ஓர் எளிய விதி உண்டு: முற்றாகத் திறந்துள்ள வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வரும் எண்ணுடைய வால்வையே அளக்க வேண்டும். எட்டாவது திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும் அளத்தல் அவ்விதியின் வழியாகும்.

ஒரே வால்வின் இடைவெளி மீண்டும் மீண்டும் சுருங்குமாயின் வால்வு இருக்கை உள்ளமிழ்கின்றது எனக் கொள்க. ஈயமிட்ட பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட எஞ்சினாதலின் இது நிகழ்வதுண்டு. பிரித்தானியாவில் ஈயப் பெற்றோலின் பொதுவிற்பனை 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு நின்றது. கடினமாக்கிய இருக்கைகளைப் பொருத்துதலே நிலையான பரிகாரம். 2021 செப்ரெம்பர் முதல் அங்கு நூற்றுக்குப் பத்துவரை எதனோல் கலந்த பெற்றோல் வழக்கிற்கு வந்தமையால், பழைய இறப்பர்க் குழாய்களையும் அடிக்கடி நோக்குதல் வேண்டும்.

உயிரோடு தொடர்புடையவை

மேற்கூறிய கோளாறுகள் காரை நிறுத்துவன. பிறேக்கின் கோளாறோ காரை நிறுத்தவிடாதது. பழைய கார்கள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று அமைந்திருந்தமையால், ஓரிடத்து ஒழுகினும் மிதிபலகை முழுவதும் பயனற்றுப் போகும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுக. மிதிபலகை மெத்தென அமிழ்ந்தால் அன்றே காரை நிறுத்துக. இப்பகுதியில் ஐயமுடையோர் தேர்ந்தவரிடம் ஒப்படைத்தலே அறிவுடைமை.

முன்சக்கரங்கள் திரும்பும் அச்சாணிகளுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் செலுத்துக. துருவையும் மறவற்க. இக்காருக்குத் தனிச் சட்டமில்லை, உடலே சட்டம். கதவுகளின் கீழுள்ள உட்குழிந்த விளிம்புப் பெட்டிகளே அதன் முதுகெலும்பு. அவற்றின் நீர்வடி துளைகள் அடைபட்டால் துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே பளபளக்கும் வர்ணத்தை நம்பாது கீழே புகுந்து பார்த்தல் நன்று.

முடிவுரை

பழுதறிவோன் கடைப்பிடிக்க வேண்டியவை மூன்று. எளியதை முதலிற் சோதித்து அரியதற்குப் பின் செல்லல்; ஒரு வேளையில் ஒன்றையே மாற்றி அதன் பயனைக் கண்டபின் அடுத்ததற்குப் போதல்; திகதி, மைல், அளவு, கண்ட குறி, செய்த பணி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதல். சென்ற ஆண்டு 0.015 ஆக இருந்த இடைவெளி இவ்வாண்டு 0.011 ஆகக் குறைந்தமையை நினைவு அறியாது, ஏடு அறியும். அவ்வேடு காரோடு அடுத்தவர் கைக்குச் செல்லின், நாம் தேடிப் பெற்ற அறிவும் அவரைச் சேரும். அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டுப் பல்லாண்டுகள் கழிந்தும் அக்கார்கள் தெருவில் ஓடுவதற்கு, அவற்றை அறிந்து பேணும் கைகள் இருப்பதே காரணமாகும்.